பெயில் கட்டினால் தம்பி வீட்டுக்கு வருவானா?

கேள்வி: நாங்கள் டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். என் தம்பி எச்-1பி விசாவில் வேலை பார்த்தான். ஐந்து மாதம் முன்பு வேலை போனது, இன்னும் வேறு கிடைக்கவில்லை. போன வெள்ளி இரவு நண்பர் வீட்டிலிருந்து திரும்பும்போது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடித்துக் கவுண்டி ஜெயிலில் வைத்துவிட்டார்கள். விபத்து எதுவும் இல்லை, இதுதான் முதல் தடவை. மாஜிஸ்திரேட் பெயில் தொகை சொல்லிவிட்டார். பாண்டு கட்டப் போனால், "அவர் மேல் ஐஸ் ஹோல்டு இருக்கிறது, கட்டினாலும் வெளியே வரமாட்டார்" என்கிறார்கள். கட்டட்டுமா, வேண்டாமா? ஊரில் அம்மா அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. — ஓர் அக்கா, டெக்சாஸ்

பதில்: கட்டலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

"ஹோல்டு" என்ற சொல்தான் எல்லாரையும் குழப்புகிறது. உங்கள் தம்பியை இப்போது உள்ளே வைத்திருப்பது ஐஸ் என்ற மத்திய குடியேற்ற அமலாக்கத் துறை அல்ல, டெக்சாஸ் மாநிலம். ஐஸ் அனுப்பியிருப்பது ஐ-247ஏ என்ற படிவம், வக்கீல்கள் டீடெய்னர் என்பார்கள். "இவரை நீங்கள் விடப்போகும்போது எங்களுக்குச் சொல்லுங்கள், அதற்கு மேல் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள், நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம்" என்பதுதான் அதன் சாரம். கூடவே ஒரு வாரண்டும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் நீதிபதி அல்ல, ஐஸ் அதிகாரிதான்.

அந்த 48 மணி நேரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நீங்கள் பெயில் கட்டி, மாநிலத்தின் பிடி விட்ட நிமிடத்தில்தான் அது ஓடத் தொடங்கும். டெக்சாஸில் அதற்குள் ஐஸ் வந்து அழைத்துப் போக வாய்ப்பு மிக அதிகம். கட்டணம் வாங்கிக்கொண்டு பெயிலுக்குப் பொறுப்பேற்கும் பாண்டு கடைக்காரர் சொன்னதில் பாதி சரி: தம்பி ஜெயிலை விட்டு வெளியே வருவான், ஆனால் வீட்டுக்கு அல்ல. அதனால் கட்டுவதா என்பதைவிட, கட்டுவதற்கு முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

"நாங்கள் யாரிடமும் விசாவைப் பற்றிச் சொல்லவே இல்லையே, ஐஸுக்கு எப்படித் தெரிந்தது?" என்று எல்லாரும் கேட்பார்கள். கைரேகைதான் காரணம். ஜெயிலில் எடுக்கும் ரேகை எஃப்பிஐக்குப் போகிறது, அங்கிருந்து தானாகவே குடியேற்றத் துறையின் கணினிக்கும் போகிறது. 2008-ல் இதே டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டியில் தொடங்கிய ஏற்பாடு இது. 2013-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. விசா எடுக்கும்போது சென்னையில் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்தது நினைவிருக்கிறதா? அந்த ரேகையோடுதான் ஒப்பிடுகிறார்கள். வரிசையில் நின்று முறையாக விசா வாங்கி வந்தவர்தான் இதில் சில நிமிடத்தில் சிக்குகிறார். வேடிக்கைதான், ஆனால் அப்படித்தான்.

டீடெய்னர் என்பது வேண்டுகோள்தான், கவுண்டி அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் சொல்லவில்லை. பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டி வழக்கில் 2014-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அங்கே டீடெய்னர் போட்டுப் பிடித்து வைத்திருந்த ஆள் நியூ ஜெர்சியில் பிறந்த அமெரிக்கக் குடிமகன்! அதே ஆண்டு ஓரிகனில், டீடெய்னரை மட்டும் நம்பி ஒரு பெண்ணைக் கூடுதலாக அடைத்து வைத்தது அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறியது என்று கிளாக்கமஸ் கவுண்டிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. கவுண்டிகள் பயந்துபோய் விதிகளை மாற்றின. அதற்குப் பிறகு மாநிலத்துக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிட்டது.

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகனோ, கலிபோர்னியா சான் ஹோசேயில் இருக்கும் தோழியோ "பெயில் கட்டினால் விட்டுவிடுவார்கள், எங்கள் ஊரில் அப்படித்தான்" என்று சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் 2018 முதல் டீடெய்னருக்காக யாரையும் கூடுதல் நேரம் வைக்கக் கூடாது. ஐஸ் அதிகாரி ஜெயிலில் பேச வந்தால்கூட முதலில் எழுத்து மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நியூ ஜெர்சியிலும் 2019-லிருந்து கடுமையான கட்டுப்பாடு உண்டு. டெக்சாஸ் நேர் எதிர்த் திசையில் போனது. 2017-ல் எஸ்பி 4 என்ற சட்டம் டீடெய்னரை மதிப்பதைக் கவுண்டி ஜெயிலை நடத்தும் ஷெரிஃப்களுக்குக் கட்டாயமாக்கியது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதன் பெரும்பகுதியைச் சரி என்றது. ஃபுளோரிடா, ஜார்ஜியா, வட கரோலினாவிலும் இப்போது ஏறக்குறைய இதே கதைதான். ஆகவே வேறு மாநிலத்து வாட்ஸப் அறிவுரையை வாங்கி ஓரமாக வையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது: 287(ஜி) ஒப்பந்தம். 1996-ல் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவின்படி, ஷெரிஃபின் ஆட்களுக்கே ஐஸ் பயிற்சி கொடுத்து, ஜெயிலுக்குள் குடியேற்ற வேலையைச் செய்ய விடலாம். 2025 தொடக்கத்தில் நூற்றுச் சொச்சமாக இருந்த இந்த ஒப்பந்தங்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டின. டெக்சாஸ் ஷெரிஃப்களை இதில் சேரச் சொல்லி 2025-ல் தனியாக ஒரு சட்டமே வந்துவிட்டது. உங்களுக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். தம்பியிடம் "எந்த நாட்டில் பிறந்தாய், எப்படி வந்தாய், இப்போது எங்கே வேலை?" என்று கேட்பவர் ஐஸ் சட்டை போட்டிருக்க வேண்டும் என்று இல்லை. காலையில் சாப்பாட்டுத் தட்டு கொடுத்த அதே டெப்யூட்டியாகவும் இருக்கலாம்.

அதனால் முதல் வேலை, தம்பியிடம் பேசுவது. பெயரும் பிறந்த தேதியும் சொல்லட்டும். விசா, வேலை, பயணம் பற்றிக் கேட்டால் "வக்கீலோடு பேசாமல் பதில் சொல்ல விரும்பவில்லை" என்று மரியாதையாகச் சொன்னால் போதும், அது அவன் உரிமை. பொய் மட்டும் கூடாது. பயத்தில் "நான் சிட்டிசன்" என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால், பிற்காலத்தில் கிரீன் கார்டு கனவையே அது நிரந்தரமாக மூடிவிடும். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். குறிப்பாக, விசாரணை வேண்டாம், ஊருக்கே போகிறேன் என்று கட்டம் போட்டுக் காட்டும் படிவம். ஆனால் ஒரு நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: அந்த டீடெய்னர். அதன் நகலைக் கைதியிடம் கொடுத்தால்தான் அது செல்லும் என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருக்கிறது.

ஜெயில் போனில் பேசும்போது கவனம். எல்லாம் பதிவாகும். தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப்போகிறது என்று அன்றிரவு எத்தனை கிளாஸ் என்பதையெல்லாம் பேசித் தொலைக்காதீர்கள். மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் இல்லை.

அடுத்து ஐ-94: நாட்டுக்குள் நுழைந்தபோது, எதுவரை தங்கலாம் என்று தேதியோடு ஏற்றிய பதிவு. பாஸ்போர்ட் எண் இருந்தால் சுங்க, எல்லைத் துறையின் இணையதளத்தில் இரண்டு நிமிடத்தில் எடுக்கலாம். வேலை போனபின் எச்-1பி ஆளுக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். தம்பிக்கு அது முடிந்துவிட்டது, எனவே ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி இங்கே தங்கும் தகுதி, இல்லை. ஆனால் மூன்று வருடம், பத்து வருடம் திரும்பி வர முடியாத தடைக்கான நாள் கணக்கு வேறு. அது பொதுவாக ஐ-94-ல் உள்ள தேதி தாண்டியபிறகுதான் ஓடத் தொடங்கும். அந்தத் தேதி அடுத்த வருடம் வரை இருந்தால் உங்கள் வக்கீலின் முகமே மாறும். 60 நாளுக்குள் பி-2 என்ற பார்வையாளர் ஸ்டேட்டஸ் மாதிரி ஏதாவது கேட்டு மனு போட்டிருந்தானா என்றும் கேளுங்கள். போட்டிருந்தால் அந்த ரசீது தங்கம்.

வக்கீல் இரண்டு பேர் வேண்டும். கிரிமினல் வழக்குக்கு ஒருவர், குடியேற்றத்துக்கு ஒருவர், இருவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். கிரிமினல் வழக்கில் வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தரும், இமிக்ரேஷன் நீதிமன்றத்தில் அப்படிக் கிடையாது, கைக்காசுதான். எந்தக் குற்ற ஒப்புதலாக இருந்தாலும் அதன் குடியேற்ற விளைவைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது 2010-லிருந்து கிரிமினல் வக்கீலின் கடமை. கேட்டு வாங்குங்கள்.

டெக்சாஸில் ஒரு பொறி இருக்கிறது. முதல் தடவை குடித்து ஓட்டிய வழக்குகள் பலவற்றில் "டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்" தருவார்கள். ஒழுங்காக இருந்தால் தண்டனை என்று பதிவாகாது என்பார்கள். மாநிலச் சட்டத்துக்கு அது உண்மை. குடியேற்றச் சட்டத்துக்கோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தை நிபந்தனையும் ஏற்றாலே அது தண்டனைதான். ஒரே ஒரு சாதாரண டிடபிள்யூஐ, அதாவது குடித்து ஓட்டிய குற்றம், அதனாலேயே நாடு கடத்தும் குற்றமாகாது என்பது ஆறுதல். தம்பியின் உண்மையான சிக்கல் மதுவல்ல, ஸ்டேட்டஸ். அந்த ஒரு இரவு நடந்திருக்காவிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம். விசா முத்திரை ரத்தானதாகத் தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வரலாம், அதையும் எதிர்பாருங்கள்.

இதெல்லாம் கைக்கு வந்தபிறகு பெயில் கட்டுங்கள். முடிந்தால் திங்கள் அல்லது செவ்வாய் காலையில். வெள்ளிக்கிழமை கட்டாதீர்கள். படிவம் வெறுமனே 48 மணி நேரம் என்கிறது, மத்திய விதியோ சனி, ஞாயிறு, விடுமுறையைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்கிறது. எந்தக் கணக்கைப் பிடிப்பது என்ற சண்டையில் வார இறுதி உள்ளேயே போய்விடும். விடுதலை ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 48 மணி ஆகியும் ஐஸ் வரவில்லை என்றால் அதற்கு மேல் வைக்க டெக்சாஸ் சட்டமும் இடம் தரவில்லை. அந்த நிமிடமே உங்கள் வக்கீலின் கடிதம் ஜெயில் மேஜையில் இருக்க வேண்டும்.

கையில் பணம் இருந்தால் முழுத் தொகையையும் கவுண்டியிலேயே ரொக்கமாகக் கட்டுவது நல்லது. வாய்தாவுக்கெல்லாம் ஒழுங்காக வந்தால் அது திரும்பக் கிடைக்கும். பாண்டு கடையில் கொடுக்கும் கட்டணம், ஐஸ் பத்து நிமிடத்தில் வந்து அழைத்துப் போனாலும், போனது போனதுதான். ஐஸ் பிடியில் இருக்கும்போது கிரிமினல் வாய்தா வந்தால் ஆள் எங்கே இருக்கிறார் என்று கிரிமினல் வக்கீல் நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லையென்றால் வராதவர் என்று வாரண்ட் போட்டு, பெயில் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

ஐஸிடம் போனபின் வருவது இரண்டாவது பாண்டு. அது தனிப் பணம், குறைந்தது 1,500 டாலர், நடைமுறையில் பல மடங்கு. விசாவில் முறையாக நுழைந்தவர் என்பதால் நீதிபதியிடம் பாண்டு கேட்கும் வழி தம்பிக்கு இருக்கிறது. எல்லை தாண்டி வந்தவர்களுக்கு 2025-ல் அந்தக் கதவைச் சாத்தப் பார்த்து, அது வழக்குகளில் இழுபறியாகக் கிடக்கிறது. குடித்து ஓட்டியதை ஆபத்தின் அடையாளமாகப் பார்க்கச் சொல்லி மேல்முறையீட்டு வாரியம் 2018-ல் தீர்ப்பளித்ததால் நீதிபதி அதைத்தான் முதலில் கேட்பார். மது ஆலோசனை வகுப்பில் சேரப் பதிந்த ரசீது, உங்கள் வீட்டு முகவரிக் கடிதம், வரி கட்டிய தாள்கள், இவை வாய்ப்பேச்சைவிடப் பலன் தரும். இந்தப் பாண்டைக் கட்டுபவர் பொதுவாகச் சிட்டிசனாகவோ கிரீன் கார்டுகாரராகவோ இருக்க வேண்டும். நீங்களும் எச்-1பி என்றால் நம்பகமான நண்பர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

வாதாட எதுவும் இல்லை என்றால், நீதிபதியிடம் கேட்டுத் தன் செலவில் கிளம்பும் வழியும் உண்டு. வெளியேற்ற உத்தரவோடு வரும் பத்து வருடத் தடை அதில் இல்லை. ஆனால் கிரிமினல் வழக்கை முடிக்காமல் போனால் அடுத்த விசா நேர்காணலில் அது முன்னே வந்து நிற்கும்.

அழைத்துப் போனபின் அவன் எங்கே இருக்கிறான் என்று உடனே தெரியாது. ஆல்வராடோ தடுப்பு மையமாக இருக்கலாம், மூன்று மணி நேரம் மேற்கே உள்ள ஆன்சனாகவும் இருக்கலாம். ஐஸின் இணையத் தேடலில் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும், பிறந்த நாடும் கேட்கும். நம் ஆட்களுக்கு இங்கேதான் இடிக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் தம்பியின் பெயர் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்று ஏறியிருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்படியே போட்டுத் தேடுங்கள், பிறகு அப்பா பெயரைப் போட்டு, பிறகு இரண்டையும் மாற்றிப் போட்டு. குடியேற்றத் துறை அவனுக்குத் தரும் ஒன்பது இலக்க ஏ-நம்பர் கிடைத்துவிட்டால் இந்தப் பாடெல்லாம் இல்லை. போனில் வந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும் என்றால் தம்பிதான் கேட்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் என்றால் கேட்காமலே சொல்லியாக வேண்டும், இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. அப்புறம், பழைய பாஸ்போர்ட்டும் விசாப் பக்கத்தின் நகலும் பெரும்பாலும் ஊரில் அப்பாவின் பீரோவில்தான் இருக்கும். அதைக் கேட்கவாவது இன்று இரவு வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்கும்.