வங்கி வேலைக்கும் பையன் பாடத்துக்கும் எந்த லேப்டாப்?

2016-இல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது, வங்கி வேலைக்கும் பையன் பாடத்துக்கும் புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்டால் அதுவே வேகமெடுக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, உங்கள் சிப் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி என்பதால் மாற்றுவதே நல்லது.

புதியதில் ஐ3 அல்லது ரைசன் 3 சிப் போதும். கடைக்காரர் ஐ7 பக்கம் இழுப்பார், மசியாதீர்கள். மிச்சப் பணத்தில் 16 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) பாருங்கள். 8 ஜிபிதான் கட்டுப்படியாகும் என்றால், பிறகு ரேமைக் கூட்ட ஸ்லாட் (காலி இடம்) இருக்கிறதா என்று கேளுங்கள். மெலிதான மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். நான் கேட்காமல் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அப்புறம், பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். யுஎஸ்பி கேஸில் (டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) போட்டால் படங்களைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.