அறையும் பலகையும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றில், வேலைக்குச் சேரும் இளைஞனுக்கு முதலாளி 'சம்பளத்தோடு அறையும் பலகையும்' தருவதாக ஒப்புக்கொள்கிறார். மூலத்தைப் புரட்டினால் 'ரூம் அண்ட் போர்டு' என்றிருக்கிறது. போர்டு என்றால் பலகை. நிர்வாகக் குழுவும் போர்டுதான். கப்பலில் ஏறுவதற்கும் அதே சொல். இவை ஒலி மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்களா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள வாசகருக்கு,

பெரும்பாலும் ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்திலேயே அது மரப்பலகையைக் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவின் பெரிய வீடுகளில் சாப்பாட்டு மேசை நிலையாக ஓரிடத்தில் கிடக்கவில்லை. உண்ணும் வேளையில் முட்டுக்கால்களின் மேல் நீண்ட பலகையைக் கிடத்தி, விரிப்பிட்டுப் பரிமாறி, உண்டு முடித்ததும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். பலகை மேசையாயிற்று, 'கை நனைப்பது' என்று நாம் உண்பதைச் சொல்வதுபோல, பலகை அதன்மேல் வைத்த உணவுக்கே பெயராயிற்று. மாணவர்கள் தங்கி உண்ணும் பள்ளி போர்டிங் பள்ளி ஆனதும் இவ்வழியில்தான். கப்போர்டும் முதலில் கதவுள்ள அலமாரி அன்று, கோப்பைகளை எடுத்து வைக்கும் திறந்த பலகையே.

அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கும் மேசையின் பெயரே ஒட்டிக்கொண்டது. சங்கப் பலகையில் இடம் கிடைப்பதையே புலமைக்குச் சான்றாகச் சொல்லிவந்த நமக்கு இது விளங்காத உறவு அன்று. சீட்டாடுபவர் கைகளை மேசைக்கு மேலே வைத்திருந்தால் சூது இல்லை என்று பொருள். ஒளிவுமறைவில்லாத நடத்தையை 'அபவ் போர்டு' என்பது அதனால்தான்.

கப்பல் மட்டும் சற்றுச் சிக்கலானது. விளிம்பு, கப்பலின் பக்கம் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய 'போர்ட்' பலகையிலிருந்து கிளைத்ததா, தனிச்சொல்லாக இருந்து அதனோடு கலந்ததா என்பதில் சொற்பிறப்பியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சுக்கான் கப்பலின் பின்புறம் நடுவில் அமைவதற்கு முன், திசைதிருப்பும் துடுப்பை வலப்பக்கம் கட்டியிருந்தார்கள். 'திருப்பும் பக்கம்' என்ற பொருள் கொண்ட பழஞ்சொல்லே ஸ்டார்போர்டு என்று திரிந்தது, அதில் விண்மீனுக்கு வேலையே இல்லை. இடப்பக்கத்துக்கு லார்போர்டு என்று பெயர். காற்றிலும் அலையிலும் கூவிச் சொல்லும் கட்டளையில் இவ்விரண்டும் ஒன்றுபோலக் கேட்டுக் குழப்பியதால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு 'போர்ட்' என்ற வேறொரு சொல்லை, துறைமுகத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லையே, இடப்பக்கத்துக்கு விதித்தது. கப்பலின் பக்கத்தைக் குறித்த பழைய 'போர்ட்'டையும் துறைமுகத்தைக் குறிக்கும் இந்தப் 'போர்ட்'டையும் தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்டவே முடியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மொழிபெயர்ப்பவர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடும்போது, வாசகர் தம் அறிவையே சந்தேகிக்கும்படி ஆகிறது. அதை எளிதில் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு திட்டத்துக்கு ஒருவர் 'ஆன் போர்டு' என்று வந்தால், அவர் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை, உடன்படுகிறார். நீங்கள் படித்த வரியில் பலகைக்கு இடமே இல்லை: 'சம்பளத்தோடு தங்க இடமும் வேளாவேளைக்குச் சாப்பாடும் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார்.'

அன்புடன்,
ஆசிரியர்