ஓடை நீரில் நுண்ணளவு உலோகங்கள்: ஹப்பார்ட் புரூக் பதிவுகள் குறித்துக் கேள்வி பதில்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பார்ட் புரூக் சோதனைக் காட்டில் 1963 முதல் மழைநீரும் ஓடைநீரும் தொடர்ந்து சேகரிக்கப்பட்டு ஆராயப்படுகின்றன. அந்தப் பதிவுகளையும் பொதுவாக ஓடைகளில் உலோகங்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே உள்ளன.

கேள்வி: அமில மழை குறைந்த பிறகும் ஓடை ஏன் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை?

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் அதற்கு 1990இல் வந்த திருத்தங்களும் கந்தகப் புகையைக் குறைத்தன; அதன்படியே ஓடையில் சல்பேட்டும் இறங்கியது. ஆனால் அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் அமில மழை, அமிலத்தைச் சமன்செய்யும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மண்ணிலிருந்து கழுவிக்கொண்டு போய்விட்டது. அந்த இருப்பு, பாறை மெல்லமெல்லச் சிதைவதால்தான் பெரும்பாலும் மீண்டும் நிரம்ப வேண்டும். இதைச் சோதிக்க 1999இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் வொலாஸ்டோனைட் என்னும் கால்சியம் சிலிகேட் கனிமத்தை ஹெலிகாப்டரில் தூவினார்கள். அதன்பின் அங்குள்ள ஓடையின் அமிலத்தன்மை குறைந்தது; நச்சு அலுமினியமும் குறைந்தது.

கேள்வி: அந்த அலுமினியம் மழையோடு வந்ததா?

இல்லை, அது மண்ணிலேயே இருந்தது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (இது குறைந்தால் அமிலம் கூடுதல்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது அது கரைந்து வெளியேறுகிறது. கரைந்த கனிம வடிவம் மீன்களின் செவுள்களில் படிந்து உயிரைப் பறிக்கும்; கரிம அமிலங்களோடு பிணைந்த வடிவம் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. ஆகவே மொத்த அலுமினியத்தை மட்டும் அளந்துவிட்டு மீன்களின் நிலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஈயம் கலந்த பெட்ரோல் புழங்கிய காலத்தில் ஓடையிலும் ஈயம் மிகுந்திருந்ததா?

காற்றிலிருந்து விழுந்த ஈயத்தின் பெரும்பகுதியைக் காட்டுத் தரையின் மக்கிய இலையடுக்கு பிடித்து வைத்துக்கொண்டது. ஈயம் கரிமப் பொருளை இறுகப் பற்றும் உலோகம். துத்தநாகம், காட்மியம், மாங்கனீஸ் ஆகியவை அப்படியல்ல, அமிலம் கூடினாலே நீரோடு கிளம்பிவிடும்.

கேள்வி: எங்கள் ஆற்றின் பழைய பதிவுகளில் ஈயம் பல மடங்கு குறைந்திருப்பதாகத் தெரிகிறது. இதை நம்பலாமா?

இந்தக் கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை பல ஆண்டுகள் திரட்டிய கரைந்த உலோக அளவுகளில் ஒரு பகுதி, ஆற்றில் இருந்ததையல்ல, மாதிரி எடுக்கும்போதும் வடிகட்டும்போதும் வெளியிலிருந்து கலந்த மாசையே காட்டியது என்று 1991இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான பொருளை அளக்கையில் கையுறையின் தூசியும் சரியாகக் கழுவாத புட்டியும்கூட விடையை மாற்றிவிடும். எனவே வீழ்ச்சி தொடங்கும் ஆண்டில் புட்டி, வடிதாள், கருவி, ஆய்வகம் இவற்றில் ஏதேனும் மாறியதா என்று முதலில் பாருங்கள். தூய நீரை அதே முறையில் கையாண்டு எடுத்த வெற்று மாதிரிகளின் அளவுகள் இல்லையென்றால், அந்தப் பழைய எண்களைப் போக்குக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நேர்மை.

கேள்வி: மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியமா?

மிகவும் முக்கியம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துப் பழைய சுரங்கப் பகுதி ஓடைகளில் துத்தநாகம் விடியலுக்குச் சற்று முன் உச்சத்தையும் பிற்பகலில் தாழ்வையும் அடைகிறது. பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கை பிஎச்சை உயர்த்த, நீரும் சூடேற, உலோகம் படுகையில் ஒட்டிக்கொள்கிறது. காலையில் எடுத்துவந்த மாதிரியைச் சில ஆண்டுகளுக்குப் பின் மாலைக்கு மாற்றினால், நிகழாத வீழ்ச்சியொன்று பதிவாகிவிடும்.

கேள்வி: கண்டறியும் எல்லைக்கு (கருவியால் நம்பகமாக அறியக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு) கீழே உள்ள அளவுகளை என்ன செய்வது?

எல்லையின் பாதியை இட்டு நிரப்பாதீர்கள், ஏனெனில் கருவி மேம்பட்டு எல்லை இறங்கும்போது அந்தப் பாதிகளும் இறங்கிப் பொய்ப் போக்கைத் தரும். எல்லா ஆண்டுகளுக்கும் பொதுவான உயர்ந்த எல்லை ஒன்றை வகுத்து, அதற்குக் கீழுள்ளவற்றைச் சமமாகக் கருதி, நீரோட்டத்தின் விளைவை இயன்றவரை நீக்கிவிட்டு, ஒரே பருவத்து அளவுகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் போக்கைக் கண்டறியும் புள்ளியியல் முறையான பருவவாரிக் கெண்டால் சோதனையைச் செய்யுங்கள்.