அழுத்தினால் பலகை நேராகாது

கேள்வி: நாலடி நீளம், ஆறு அங்குல அகலத்தில் வளைந்த பலகை ஒன்று. ஜாயின்டரில் (மேசை நடுவே சுழலும் கத்தியால் பலகையின் அடிமுகத்தைத் தட்டையாகச் சீவும் மெஷின்) நன்றாக அழுத்திப் பிடித்து ஐந்து முறை இழைத்தும் தரையில் வைத்தால் ஆடுகிறது. கடைசி முறை பலகை துள்ளி, என் கை கத்தி வரைக்கும் போய்விட்டது. எங்கே தவறு?

பதில்: நன்றாக அழுத்தினேன் என்கிறீர்களே, தவறு அதுதான். அழுத்தும்போது வளைவு அந்த நேரத்துக்கு அமுங்குகிறது. கையை எடுத்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்கிறது. குழிந்த பக்கத்தைக் கீழே வையுங்கள். இரண்டு முனையும் மேசையில் உட்காரும், ஆட்டம் இருக்காது. முன்முனை ஒரு முழம் கத்தியைத் தாண்டியதும் வளைவை அமுக்காமல், கை அழுத்தத்தை வெளிமேசைக்கு, அதாவது கத்திக்கு அப்பாலுள்ள மேசைக்கு மாற்றுங்கள். ஒரு முறைக்கு 1 மி.மீ.க்கு மேல் சீவ வேண்டாம். ரப்பர் அடி போட்ட தள்ளுகட்டைகள் இரண்டு இல்லாமல் மெஷினை ஓட்டாதீர்கள். கையுறையும் கூடாது, கத்தி அதைப் பிடித்தால் விரலோடு இழுக்கும்.

பலகை துள்ளுவதற்குப் பெரும்பாலும் மழுங்கிய கத்தியோ, மர ரேகைக்கு எதிராகத் தள்ளியதோதான் காரணம். ஆனால் கத்திமேல் காப்பு இருந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. பலகை கடந்ததும் ஸ்பிரிங் இழுத்துக் கத்தியை மூட வேண்டிய தகடு அது. பழைய மெஷின் பேசிமுடிக்கும் தரகர்கள், "வேலைக்கு இடைஞ்சல், கழற்றி வைத்திருக்கிறோம்" என்பார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. காப்பு கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். விரல் போன பிறகு விசாரிக்க வருகிறவர்கள், அப்படியொரு மெஷின் கைமாறும்போது எங்கே போகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முறுக்கிய பலகை மட்டும் வேறு கதை. குழிந்த பக்கம் கீழே என்ற விதி அதற்கு உதவாது. இரண்டு முனையிலும் குறுக்காக ஒரே உயரமுள்ள நேரான சட்டம் ஒவ்வொன்றை வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றுக்கொன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு இருக்கிறது. அப்போது மேசையைத் தொடுவது எதிரெதிர் மூலைகள் இரண்டு மட்டுமே. அவற்றைக் கை இழைப்புளியால் முதலில் சீவிவிடுங்கள். ஆட்டம் நின்ற பிறகே ஜாயின்டருக்குப் போங்கள். அவசரப்பட்டு மெஷினில் வைத்தால் ஒரு முறை இந்த மூலையிலும் அடுத்த முறை அந்த மூலையிலும் சாயும், ஐந்து முறை ஓட்டியும் முறுக்கு அப்படியே இருக்கும். உங்கள் பலகையையும் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

30 செ.மீ.க்குக் குறைந்த துண்டுகளை ஜாயின்டரில் வைக்காதீர்கள். நீளமாக இழைத்துவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்ளலாம். ஒரு முகம் தட்டையானதும் மறுமுகத்தைத் திக்னஸ் பிளேனரில் (பலகை முழுவதையும் ஒரே தடிமனாகச் சீவும் மெஷின்) கொடுங்கள். அதையும் ஜாயின்டரிலேயே இழைத்தால் ஒரு முனை தடித்து, ஒரு முனை மெலிந்து, பலகை ஆப்பு மாதிரி ஆகிவிடும்.