இரண்டு நாள் பயிற்சி போதுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் நண்பர்கள் சேர்ந்து மாலைநேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பிள்ளைகள் வருகிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் கல்லூரி முடித்த உள்ளூர் இளைஞர்கள். போன வாரம் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் எங்கள் தன்னார்வலர் ஒருவரிடம் ‘வாழவே பிடிக்கலக்கா’ என்றிருக்கிறாள். இவர் பயந்துபோய் அரைமணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது அந்தப் பெண் அவரைப் பார்த்தாலே விலகிப் போகிறாள். ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு இரண்டு நாள் மனநலப் பயிற்சி தர முன்வந்திருக்கிறது. எங்களில் பாதிப் பேர் ‘இது டாக்டர் வேலை’ என்கிறார்கள். பள்ளி ஆசிரியர்களிடமே விட்டுவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தப் பெண்ணின் விஷயத்துக்குப் பயிற்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவளுக்குப் பிடித்த ஒருவர் இன்றே தனியாக உட்கார்ந்து, ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கட்டும். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் வரும். ‘ஆமாம்’ என்றால் அவளைத் தனியே விடக்கூடாது. அவள் நம்பும் பெரியவர் ஒருவரை வரவழையுங்கள். வயல் இருக்கும் வீடு என்றால் பூச்சிமருந்தை அங்கிருந்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். 14416, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், இலவசம். எந்நேரமும் தமிழில் பேசலாம். கூடவே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு யாராவது துணைக்குப் போக வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில், கோவாவைச் சேர்ந்த சங்காத் அமைப்பு ‘சேஹர்’ என்ற திட்டத்தை 74 அரசுப் பள்ளிகளில் பரிசோதித்துப் பார்த்தது. காலைக்கூட்டத்தில் பேச்சு, சுவர்ப் பத்திரிகை, பெயர் போடாமல் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, வேண்டியவர்களுக்குத் தனிப் பேச்சு. ஒரு பகுதிப் பள்ளிகளில் இதையெல்லாம் மனநலப் படிப்பு படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர் செய்தார். இன்னொரு பகுதியில் அதே வேலைகளை அந்தந்தப் பள்ளி ஆசிரியரே செய்தார். 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும், அடிதடியும், ஒருவரை ஒருவர் சீண்டுவதும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய இடங்களில் பலன் தெரியவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. அதோடு, மார்க் போடுகிறவரிடம் ஒரு பிள்ளை எப்படி மனதைத் திறக்கும்? உங்கள் தன்னார்வலர்களுக்கு அந்தத் தடை இல்லை. அந்தப் பெண் தானாக வந்து ‘அக்கா’ என்று சொன்னதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் டாக்டர் வேலை என்று ஒதுங்காதீர்கள். நோய் என்னவென்று கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும்தான் டாக்டர் வேலை. காதுகொடுத்துக் கேட்டு, டாக்டர் வரைக்கும் கூட்டிப்போக ஆள் வேண்டுமே!

பயிற்சியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு நாளும் புரொஜெக்டர் போட்டு நோய்களின் பெயர்களை ஒப்பிப்பதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நேரத்தில் பாதியாவது இருவர் இருவராக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். ஒருவர் ஐந்து நிமிடம் தன் கஷ்டத்தைச் சொல்வார், மற்றவர் அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும். பார்ப்பதற்குச் சுலபம். இரண்டாவது நிமிடமே வாய் துறுதுறுக்கும்: ‘எல்லாம் சரியாயிடும்’, ‘உன்னைவிட எத்தனையோ பேர்…’ என்று. அந்த வார்த்தைகள் வந்ததும் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதை இருவரும் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் பயிற்சியில் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பயிற்சி கொடுக்க வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: ‘மூன்று மாதம் கழித்து, ராத்திரி பத்து மணிக்கு எங்கள் பிள்ளைக்கு ஒரு சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?’ சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போய்விடுகிற பயிற்சிகளை நிறையப் பார்க்கிறோம். சேஹர் ஆலோசகர்கள் தனியாக விடப்படவில்லை, அவர்களுக்கு மேற்பார்வையாளர் இருந்தார். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். உளவியலாளரோ அனுபவமுள்ள சமூகப் பணியாளரோ, மாதம் இருமுறையாவது உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து ‘என்ன கேட்டீர்கள், என்ன சொன்னீர்கள், உங்களுக்கு எப்படி இருக்கிறது’ என்று பேச வேண்டும். மற்றவர் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுப் பிள்ளைகள்தானே.

நிறுவனம் இதற்கு ஒத்துக்கொண்டால் இரண்டு நாள் போதும். மாட்டேன் என்றால் மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் பேசிப் பாருங்கள். உங்கள் தன்னார்வலருக்கு யாராவது இன்னும் ஆறுதல் சொல்லியிருக்காவிட்டால், அதை நீங்களே செய்யுங்கள். அவர் செய்தது தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா