குளியலறைத் தண்ணீர் வடியவில்லையா? பிளம்பரிடம் கேளுங்கள்

குளித்து முடிப்பதற்குள் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது, ஐயா. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளைக் கொட்டலாமா? (தாம்பரம், இல்லத்தரசி)

தூளை ஓரமாக வையுங்கள், அம்மா. முதலில் ஜாலியை, அதாவது தண்ணீர் வடியும் குழியின் மேல் உள்ள சல்லடை மூடியை, கழற்றுங்கள். தண்ணீர் முழுவதும் தேங்கிவிடாமல் மெதுவாகவாவது வடிகிறது என்றால், அடைப்பு பெரும்பாலும் ஜாலியிலிருந்து ஒரு முழத்துக்குள்தான் இருக்கும். சில ஜாலிகள் திருகினாலே வந்துவிடும். சிலவற்றில் இரண்டு திருகாணிகள் இருக்கும். துருப்பிடித்திருந்தால் முந்தைய இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். கரப்பான் வராமல் தடுக்க உள்ளே ஒரு கிண்ணம் கவிழ்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பாதிக் குப்பை அதைச் சுற்றித்தான் இருக்கும்.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு, வளையக்கூடிய கம்பி ஒன்றின் முனையைச் சிறு கொக்கிபோல மடக்குங்கள். கூர் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, குழாயைக் கீறிவிடும். உள்ளே விட்டுச் சுழற்றி, மெதுவாக வெளியே இழுங்கள். எல்லோரும் இடிப்பதுபோல் உள்ளே குத்துகிறார்கள். அதனால் முடிக்கற்றை வளைவைத் தாண்டிப் போய், கைக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சரியாக மாட்டினால் சாம்பல் நிறத்தில், வழவழவென்று, எலிவால் போல ஒன்று நீளமாக வரும். முடியும் சோப்பும் சேர்ந்த கயிறு அது. உப்புத் தண்ணீரில் சோப்பு கரையாமல் பிசுக்காகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்கிறது. போர்த் தண்ணீர் வீடுகளில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான். அதைக் குப்பைக் கூடையில் போடுங்கள், கழிப்பறையில் வேண்டாம். கடைசியாக ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள்.

தூளில் அப்படி என்ன கெடுதல்? (கோவை)

அந்தத் தூள்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. முடியைக் கரைக்கும், பொய்யில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். தேங்கிய இடத்தில் தூள் கட்டியாக உட்கார்ந்தால் இணைப்புகள் நெளியலாம். அடைப்பும் விடவில்லை என்றால் அந்தக் காரநீர் அங்கேயே கிடக்கும். அடுத்துக் கை விடுபவருக்குத் தோல் வெந்துவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், வரும் பிளம்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தம்பி. அதன் மேல் ஆசிட் ஊற்றவே ஊற்றாதீர்கள், பொங்கித் தெறிக்கும்.

சமையல் சோடாவும் வினிகரும்?

நன்றாக நுரைக்கும். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு ஓய்ந்துவிடும். முடி அப்படியே இருக்கும்.

என் மாமியார் மாதம் ஒருமுறை கழிப்பறை ஆசிட்டை ஊற்றுகிறார். நாற்றம் போகிறது, தண்ணீர் மட்டும் வடிவதில்லை. (மதுரை)

ஆசிட் முடியைக் கரைக்காது. அது அரிப்பது ஜாலியைச் சுற்றியுள்ள சிமெண்டை. அங்கே விரிசல் விழுந்தால் தண்ணீர் குழாய்க்குள் போகாமல் தளத்துக்குள் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காட்டும். அந்தச் செலவு பிளம்பர் கூலியைப்போலப் பல மடங்கு. மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெயில் காலத்தில் நன்றாக வடிகிறது, மார்கழியில் அடைக்கிறது. ஏன்? (குன்னூர்)

தலைக்குத் தேங்காய் எண்ணெயா? சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். உங்கள் ஊர்க் குளிரில் குழாய்ச் சுவரெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கும். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீர் விடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர் வேண்டாம், பிவிசி தாங்காது.

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது குளியலறை ஜாலி வழியாகப் பொங்கி வருகிறது. (வேளச்சேரி, அடுக்குமாடி)

இது உங்கள் ஜாலியில் உள்ள கோளாறு அல்ல. இரண்டு குழாய்களும் சேரும் இடத்துக்கு அப்பால் அடைப்பு. கம்பியை வைத்துவிட்டு சங்கத்திடம் சொல்லுங்கள். கீழே சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் குழி) மூடியைத் திறந்து அங்கிருந்து எடுக்க வேண்டும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்த ஆளையும் இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. இயந்திர வண்டியை வரவழையுங்கள்.

சுத்தம் செய்த பிறகு நாற்றம் அடிக்கிறது.

கழற்றிய கிண்ணத்தைத் திரும்ப வைத்தீர்களா? அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மேலே வரவிடாமல் தடுக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு வெகுநாள் ஊருக்குப் போனாலும் அந்தத் தண்ணீர் வற்றி நாற்றம் வரும். ஒரு சொம்பு ஊற்றினால் போதும்.

வாடகை வீடு, அண்ணா. செலவு யாருடையது?

முடி உங்களுடையது, தரை வாட்டம், அதாவது சரிவு, வீட்டுக்காரருடையது! ஜாலியைக் கழற்றிவிட்டு, தூரத்து மூலையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டுங்கள். தானாக ஓடிவந்து குழிக்குள் விழுந்தால் அடைப்பை நீங்களே எடுத்துவிடுங்கள். அங்கேயே குளமாக நின்றால் தரைக்கு வாட்டம் சரியில்லை. எவ்வளவு முடி எடுத்தாலும் தீராது. செல்பேசியில் அதை வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.