கேடட் நேர்காணல் முடிந்து பதில் வராவிட்டால் அது நிராகரிப்பா?

வணிகக் கப்பலில் டெக் கேடட் பயிற்சிக்கு, அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரியாவதற்கான பயிற்சிக்கு, விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடித்திருக்கிறீர்கள். "தகவல் தெரிவிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிய நிறுவனம் வாரக்கணக்கில் வாய் திறக்கவில்லை. இதை நிராகரிப்பு என்று எடுத்துக்கொண்டு வேறு படிப்பில் சேர்ந்துவிடலாமா, இன்னும் காத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே வேளையில், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் காத்திருக்கவும் வேண்டாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பதால் உங்கள் வாய்ப்பு கெடாது.

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை. இன்று நான் சரக்குக் கப்பல் ஒன்றில் செகண்ட் ஆபீசராகப் பணிபுரிகிறேன். கடலில் கழித்த எந்த நீண்ட பயணத்தையும்விட, முதல் கப்பலில் ஏறுவதற்கு முன்பு கரையில் ஒரு பதிலுக்காகக் காத்திருந்த காலம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆட்சேர்ப்பு அலுவலகம் எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. ஆகவே எல்லா நிறுவனங்களின் நடைமுறையையும் அறிந்தவன் போலப் பேசப் போவதில்லை. விண்ணப்பதாரராக இருந்தபோது பட்டதையும், பிறகு என் வாட்சில், அதாவது கப்பலைக் கண்காணித்துச் செலுத்தும் என் பணிநேரத்தில், பயிற்சி பெற்ற கேடட்டுகள் சொல்லக் கேட்டதையும் வைத்தே எழுதுகிறேன்.

நேர்காணலுக்குப் பின் வரும் மௌனம் ஒரே வகையானதன்று. முதலாவது, உங்களைப் பற்றிய முடிவே இன்னும் எடுக்கப்படாத நிலை. இரண்டாவது, முடிவு எடுத்தாகிவிட்டது, ஆனால் உங்கள் பெயர் தேர்வானோர் பட்டியலில் இல்லாமல் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் நிலை. தேர்வானவர்களில் யாராவது விலகினாலோ மருத்துவப் பரிசோதனையில் தகுதி பெறாமல் போனாலோதான் உங்கள் முறை வரும். மூன்றாவது, நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், ஆனால் உங்களை ஏற்றிக்கொள்ளக் கப்பலில் இடம் இல்லை. இந்த மூன்றுக்கும் வெளியே தெரியும் முகம் ஒன்றுதான்: கைப்பேசியில் எதுவும் வராது. ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது ஒவ்வொன்றிலும் வேறு. மூன்றாவது நிலையில் இருப்பவர் ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொண்டு பொறுமையாக இருக்கலாம். இரண்டாவது நிலையில் இருப்பவர் அதே பொறுமையைக் காட்டினால் ஓர் ஆண்டையே இழக்க நேரலாம்.

நான் இருந்தது இரண்டாவது நிலையில். அது எனக்குத் தெரியாது என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துவது. நேர்காணல் நன்றாகவே நடந்தது. கேள்வி கேட்ட கேப்டன் கடைசியில் எழுந்து கைகுலுக்கினார். வெளியே வந்ததும் அலுவலர் ஒருவர், எங்கள் முடிவு வரும்வரை வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம், அப்படிச் செய்பவர்களை நாங்கள் விரும்புவதில்லை என்று வாய்மொழியாகச் சொன்னார். நான் அதை ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டேன். என் பங்கைக் காப்பாற்றினேன். அவர்கள் பங்குக்குச் செய்தது என்னவென்றால், நான் எழுதிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரியை அனுப்பியது. மாதங்கள் சென்றன. என்னோடு தேர்வு எழுதிய சிலர் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வீட்டில் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்; அது கேட்பதைவிடக் கனமாக இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் எழுந்து தனியறைக்குப் போய்ப் பேசுவேன்.

ஒரு நாள் அழைப்பு வந்தது, சேர்ந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சென்றபோது அலுவலக ஊழியர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர், ஒருவர் மெடிக்கலில் நின்றுவிட்டதால் உங்களுக்குக் கிடைத்தது" என்றார். பட்டியல் நேர்காணல் நடந்த வாரத்திலேயே தயாராகியிருந்தது. அதாவது, பரிசீலனை என்று அவர்கள் எழுதிய காலம் முழுவதும் பரிசீலிக்க எதுவும் மிச்சமில்லை. அந்த ஒருவருடைய உடல்நிலை சரியாக இருந்திருந்தால், நான் அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு இன்னும் எவ்வளவு காலம் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. கிடைத்த பிறகு குறை சொல்வது நன்றிகெட்டதனம் என்று சிலர் நினைக்கலாம். பயிற்சி கொடுத்ததற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஓர் இளைஞனிடம் உண்மை நிலையைச் சொல்ல இரண்டு வரி போதும். அதை மறைத்தது தவறு என்று சொல்வதற்கும் அந்த நன்றிக்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

மூன்றாவது நிலை ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை விளக்கினால் உங்கள் கவலை ஓரளவு குறையக்கூடும். கேடட்டாகச் சேர்பவர் வகுப்பறையில் மட்டும் படித்து அதிகாரியாகிவிட முடியாது. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றளிப்புக்குமான 1978ஆம் ஆண்டின் எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கைப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் உள்ள டெக் கேடட் குறைந்தது 12 மாதம் கடற்சேவை செய்து, கற்ற ஒவ்வொரு வேலையையும் பயிற்சிப் பதிவேட்டில் பதிந்து கையொப்பம் பெற வேண்டும். அதில் குறைந்தது 6 மாதமாவது, கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் தகுதிபெற்ற அதிகாரியின் மேற்பார்வையில் வாட்ச் பார்த்திருக்க வேண்டும். அத்தகைய திட்டத்தில் இல்லாதவருக்கு 36 மாதக் கடற்சேவை தேவை. ஆக, நிறுவனம் ஒரு கேடட்டைச் சேர்த்துக்கொண்டால் ஓர் ஆண்டுக்கு ஒரு படுக்கையை அவருக்கு ஒதுக்கியாக வேண்டும். அதைத்தான் துறையில் பெர்த் என்கிறோம். பெரிய சரக்குக் கப்பலில்கூட மொத்தம் இருபது, இருபத்தைந்து பேர்தான் வேலை செய்கிறார்கள். கூடுதலாக எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை அறைகளின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை. கப்பலின் உயிர்காப்புச் சாதனங்கள் எத்தனை பேருக்கு என்று சான்றிதழிலேயே குறிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்ட முடியாது. முந்தைய கேடட் இறங்கினால்தான் அடுத்தவர் ஏறலாம். அவர் இறங்க வேண்டிய துறைமுகம் மாறினால், விசா தாமதமானால், உங்கள் தேதியும் தள்ளிப்போகும்.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதை 2020இல் உலகமே பார்த்தது. பெருந்தொற்றுக் காலத்தில் துறைமுகங்களில் ஆள் மாற்றம் நின்றபோது, சுமார் 4,00,000 மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பல்களிலேயே சிக்கியிருந்தார்கள். அவர்கள் இறங்காததால் ஏற வேண்டியவர்களும் கரையிலேயே நின்றார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கே இடமில்லாதபோது கேடட்டுகள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார்கள். அந்தக் காலத்தில் தேர்வாகியும் கப்பல் ஏறாமல் காத்திருந்த ஒருவர் பிறகு என்னோடு பயணம் செய்தார். மிகத் திறமையான இளைஞர். அந்தத் தாமதத்துக்கும் அவருடைய தகுதிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

இங்கே என்னுடைய ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பிம்கோ, ஐசிஎஸ் என்ற இரண்டு கப்பல் துறை அமைப்புகள் 2021இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் சான்றிதழ் பெற்ற அதிகாரிகளுக்கு 26,240 பேர் பற்றாக்குறை என்று கூறியது. 2026க்குள் கூடுதலாக 89,510 அதிகாரிகள் தேவைப்படுவார்கள் என்றும் மதிப்பிட்டது. இந்த எண்களைக் காட்டி, கடல் உங்களை அழைக்கிறது என்று இளைஞர்களிடம் சொல்கிறார்கள். பற்றாக்குறை இருப்பது பயிற்சி முடித்து சான்றிதழ் பெற்றவர்களுக்கு. அந்தச் சான்றிதழுக்கு வழியான 12 மாத பெர்த்துக்கோ நெருக்கடி. சேர்க்கையின்போது கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்களில் சில, இந்த இரண்டாவது உண்மையைச் சொல்வதே இல்லை. படிப்பை முடித்துவிட்டுக் கடற்சேவை கிடைக்காமல் பாதியில் நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, எந்தப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பும், கப்பலில் இடம் தர ஒரு நிறுவனம் எழுத்தில் பொறுப்பேற்றிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் முதலில் நிறுவனத்துக்கே விண்ணப்பித்திருப்பது சரியான வரிசை.

இப்போது நீங்கள் அனுப்ப வேண்டிய கடிதத்துக்கு வருகிறேன். "என் விண்ணப்பம் என்ன ஆயிற்று" என்று கேட்காதீர்கள். அதற்குப் பரிசீலனை என்ற பதில்தான் வரும். உங்கள் பெயர், விண்ணப்ப எண், நேர்காணல் தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, முடிவு நிலுவையில் உள்ளதா, காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேனா, தேர்வாகிப் பெர்த்துக்காகக் காத்திருக்கிறேனா என்று நேரடியாகக் கேளுங்கள். எந்தச் சேர்க்கைக்கு என் பெயர் கருதப்படுகிறது, எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும், என்னிடமிருந்து ஏதேனும் ஆவணம் தேவைப்படுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரியாதையாகவும் சுருக்கமாகவும் எழுதினால் போதும். இப்படிக் கேட்பது பொறுமையின்மையாகத் தெரியும் என்று உங்களிடம் சிலர் சொல்லக்கூடும். பிரிட்ஜில் ஓர் உத்தரவு புரியாவிட்டால் மறுபடி கேட்டு உறுதிசெய் என்றுதான் நாங்கள் கேடட்டுகளுக்குக் கற்பிக்கிறோம். தெளிவாகக் கேட்பவரைக் குறையாக நினைக்கும் கேப்டனை நான் பார்த்ததில்லை. தினமும் அழைத்துத் தொந்தரவு செய்வது வேறு, அதை நான் சொல்லவில்லை. வாய்மொழிப் பதில் கிடைத்தால், "இன்று நீங்கள் கூறியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலாக அதையே எழுதி அனுப்பிவிடுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் முதலில் செய்ய வேண்டியது கண் பரிசோதனை. கேடட்டுகள் தகுதியிழக்கும் இடங்களில் நிறப்பார்வை முக்கியமானது, பலருக்கு அந்தக் குறை இருப்பது அதுவரை தெரிந்திருக்காது. இரவில் மற்றொரு கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதன் விளக்குகளைக் கொண்டே அறிகிறோம்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டு இயந்திரக் கப்பல்களின் பாதைகள் குறுக்கிடும்போது, எதிராளியைத் தன் வலப்பக்கத்தில் காணும் கப்பல்தான் விலகிச் செல்ல வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதி. அந்த நிலையில் விலக வேண்டிய கப்பலில் இருப்பவருக்குத் தெரிவது எதிர்க்கப்பலின் சிவப்பு விளக்கு. சிவப்பையும் பச்சையையும் ஐயமின்றிப் பிரித்தறிய முடியாதவரை வாட்சில் நிறுத்த முடியாது, இதில் சலுகைக்கு இடமில்லை. குறை இருந்தால் இப்போதே தெரிவது நல்லது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடமே செல்லுங்கள். மருத்துவச் சான்றிதழ் அதிகபட்சம் 2 ஆண்டும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு 1 ஆண்டும், நிறப்பார்வைச் சான்று 6 ஆண்டும் செல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முழுச் சான்றிதழை நிறுவனம் கேட்கும்போது எடுத்தால் போதும். கடவுச்சீட்டின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். பெர்த் திடீரென்று கிடைக்கும்போது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாதவரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

இந்த இடைவெளியில்தான் பணம் கேட்பவர்கள் வருவார்கள். எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. நிறுவனத்தின் உள்ளே ஆள் இருக்கிறது, ஒரு தொகை கொடுத்தால் பட்டியலில் பெயரை மேலே கொண்டுவரலாம் என்றார்கள். மறுத்தேன். 2013இல் நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலைக்கு அமர்த்துவதற்காக மாலுமியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. சட்டப்படியான மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்ற பயண ஆவணங்கள் ஆகியவற்றுக்கான செலவு மட்டுமே உங்களுடையது. விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. பயிற்சி நிலையக் கட்டணம் வேறு கணக்கு, அது ரசீதோடு வரும். பெர்த்துக்கு விலை சொல்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அவர் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.

வேறு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தத் தயக்கம் உங்களிடம் இருப்பதாகத் தோன்றுகிறது. விண்ணப்பியுங்கள். நீங்கள் ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை. உங்கள் நிலையைச் சொல்ல மறுக்கும் நிறுவனம் உங்கள் காலத்தை மட்டும் கட்டிவைக்க முடியாது. வேறு படிப்புக்கு இடம் கிடைத்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டு சேருங்கள். பின்னர் அழைப்பு வந்தால் அப்போது முடிவு செய்யலாம். நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதிலில்லாமல் அதே நிறுவனம் அடுத்த சேர்க்கைக்கான அறிவிப்பை வெளியிட்டுவிட்டால், பழைய விண்ணப்பம் தானாகத் தொடரும் என்று நம்பியிருக்காமல் புதிதாக விண்ணப்பித்து, முந்தைய நேர்காணலின் தேதியை அதில் குறிப்பிடுங்கள்.